வாரண்டி முடிந்த பின் பழுதானால் வியாபாரி என்ன செய்ய வேண்டும்?



"சரியா வாரண்டி முடிஞ்ச மறுமாசமே படுத்துடுச்சு" என்ற புலம்பலைக் கேட்காத கடைவீதி எந்த ஊரிலும் இல்லை. கம்பெனிக்காரன் நாள் குறித்து வைத்தே பொருளைச் செய்கிறான் என்று சிலர் சொல்கிறார்கள். நம் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். இந்த இரண்டும் சரியல்ல என்பதை ஒரு கேமராவும் ஒரு புடவையும் ஒரே மாதத்தில் எனக்குக் கற்றுக் கொடுத்தன. அதை நம் உறுப்பினர்கள் அறிய எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2010 ஆகஸ்டு மாதம் சென்னையில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். விலை 13,500 ரூபாய். அதுவரை வெளியூர்க் கடைகளுக்கு மாதிரிப் புடவைகளைப் பார்சலில் அனுப்பி, அவர்கள் பார்த்து, திரும்பி வருவதற்குப் பத்து நாள் ஆகும். கேமரா வந்த பின் புடவையை விரித்துப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினால் மாலையே ஆர்டர் வரும். அந்த ஆர்டரை நம்பித்தான் தறிக்குப் பாவு கொடுப்போம்.

2011 செப்டம்பரில், தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, கேமராவின் லென்ஸ் வெளியே நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, படமும் எடுக்கவில்லை. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் சென்றேன். கவுண்டரில் இருந்த இளைஞர் பில்லைப் பார்த்தார். "சார், வாரண்டி முடிஞ்சு நாற்பது நாள் ஆயிடுச்சு. ரிப்பேருக்கு 6,800 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். நான் கோபத்தில், "ஏன் தம்பி, நாற்பது நாளைக்கு முன்னாடி நல்லா இருந்த சாமான் திடீர்னு எப்படிக் கெட்டுது?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. பாதி விலையைப் பழுதுக்குக் கொடுக்க மனமின்றி ஊருக்குத் திரும்பினேன்.

திரும்பிய அதே வாரம் சேலத்தில் நம் சரக்கு விற்கும் கடைக்காரரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பதினான்கு மாதத்திற்கு முன் நான் அனுப்பிய முகூர்த்தப் புடவை. வாடிக்கையாளர் இரண்டாம் முறை கட்டியபோது கரையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. போனில் அந்தக் கடைக்காரர், "அண்ணே, கட்டினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். நான் உடனே, "வருஷம் தாண்டிப் போச்சே, இப்ப வந்து சொன்னா எப்படி?" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சர்வீஸ் சென்டரில் நான் கேட்டுவிட்டு வந்த அதே வார்த்தையை என் வாயால் இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாரண்டி என்பது எது, எது அல்ல?

வாரண்டி என்பது செய்தவர் தரும் வாக்கு. இத்தனை நாளுக்குள் செய்பழுது தெரிந்தால் கேள்வி கேட்காமல் சரிசெய்து தருகிறேன் என்பதே அதன் பொருள். அந்த நாள் கடந்தால் பொருள் கெட்டுப் போகலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இருபது வருடம் உழைக்க வேண்டிய மின்விசிறிக்கும் இரண்டு வருட வாரண்டிதான் தருகிறார்கள்.

பொறியாளர்கள் பழுதை மூன்று காலமாகப் பிரிக்கிறார்கள். முதல் சில மாதங்களில் வருபவை செய்முறைக் குறையால் வருபவை. நடுக்காலத்தில் பழுது குறைவு. கடைசியில் தேய்மானத்தால் மறுபடியும் கூடும். இதை வரைந்தால் இரு ஓரமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்து குளிக்கும் தொட்டி போல் இருப்பதால், அதற்குக் குளியல் தொட்டி வளைகோடு என்றே பெயர். ஒரு வருட வாரண்டி பெரும்பாலும் முதல் காலத்தை மூடிவிடுகிறது. ஆனால் சில செய்பழுதுகள் ஒளிந்திருந்து, சூடும் ஈரமும் உழைப்பும் சேர்ந்த பிறகே வெளிவருகின்றன. அவற்றுக்குக் காலண்டர் தெரியாது.

இதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் ஒருவர்தான் என் கேமராவைப் பார்த்துவிட்டு அதை எனக்குச் சொன்னார். 2002, 2003-ஆம் ஆண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்ட பல டிஜிட்டல் கேமராக்களில், படத்தைப் பதியும் சிசிடி என்ற சில்லு ஓரிரு ஆண்டு கழித்துச் செயலிழந்தது. படம் நெளிந்து கோடு கோடாக வந்தது அல்லது திரை கறுத்துப் போனது. சில்லுக்குள் இருந்த நுண்ணிய கம்பி இணைப்புகள் வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் விட்டுப்போனதே காரணம். சோனி செய்த அந்தச் சில்லையே வேறு பல கம்பெனிகளும் வாங்கிப் பொருத்தியிருந்தன. 2005-இல் சோனி, கேனான், நிக்கான், ஃபியூஜி, கோனிகா மினோல்டா முதலிய கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களை அறிவித்து, இந்தப் பழுது மட்டும் இருந்தால் வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அறிவிப்பு தெரியாமல் கேமராவைத் தூக்கிப் போட்டவர்களுக்கும் கைக்காசு கொடுத்துப் பழுது பார்த்தவர்களுக்கும் நஷ்டம். கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

என் கேமராவின் பழுது அந்த வகை அல்ல. அந்த மாடலுக்கு அப்படிப்பட்ட அறிவிப்பும் இல்லை. ஆனால் "வாரண்டி முடிந்தால் எல்லாம் முடிந்தது" என்ற எண்ணம் அன்றோடு என்னை விட்டுப் போனது.

கடிதம் எழுதினேன்

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். திட்டவில்லை. வாங்கிய தேதி, வரிசை எண், பழுதான தேதி, சர்வீஸ் சென்டர் தந்த மதிப்பீடு ஆகியவற்றைக் குறித்தேன். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக எண் போடும். அதன்படி நான் எடுத்தது 1,100 சொச்சம் படங்கள்தான், கீழே விழுந்த தடமோ தண்ணீர் பட்ட தடமோ இல்லை என்று எழுதினேன். பில் நகலும் மதிப்பீட்டின் நகலும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. உதிரிபாகச் செலவைக் கம்பெனி ஏற்றது; கூலி 900 ரூபாயை நான் கட்டினேன். கேமரா அதன்பின் ஐந்து வருடம் உழைத்தது.

இதில் என் தவறும் ஒன்று உண்டு. பத்தாவது மாதத்திலேயே லென்ஸ் சில சமயம் முதல் தடவை திறக்காது. அணைத்துப் போட்டால் திறக்கும். வேலை நடக்கிறதே என்று விட்டுவிட்டேன். அப்போதே கொண்டுபோய் ஒரு ஜாப் ஷீட் வாங்கியிருந்தால் 900 ரூபாயும் மூன்று வாரமும் மிச்சம். அந்த மூன்று வாரத்தில் கைமாறிப் போன ஆர்டர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

புடவைக்கு என்ன செய்தேன்?

காஞ்சிபுரம் பட்டின் பெருமையே கோர்வைதான். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என்று ஓட்டி, ஒவ்வோர் ஊடையிலும் கரை இழையையும் உடல் இழையையும் கோத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் சில இடங்களில் கோப்பு விட்டுப்போனால் மடித்து வைத்திருக்கும்வரை தெரியாது. கட்டி, உட்கார்ந்து எழுந்து, இழுபட்ட பிறகே வாய் பிளக்கும். பதினான்கு மாதமாகப் பீரோவில் இருந்தால் பதினான்கு மாதம் கழித்துத்தான் வெளிவரும்.

அந்தப் புடவையைத் துணிக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இழை அறுந்திருக்கவில்லை, கோர்க்கப்படாமலே இருந்தது. நெசவாளரிடம் காட்டினேன். மறைக்காமல், "முதலாளி, அந்த வாரம் கரை நாடா போடுற ஆள் வரலை. புது ஆளை வச்சு ஓட்டினேன்" என்றார். ஆக, அது எங்கள் பழுது. வேறு புடவை அனுப்பினேன். நெசவாளர் கூலியில் பிடிக்கவில்லை. தறியிலிருந்து இறக்கியவுடன் கோர்வையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் மடித்தது என் கடையின் குற்றமும்தான்.

இதற்கு எதிர் உதாரணமும் சொல்ல வேண்டும். ஜரிகை கறுத்துவிட்டது என்று புடவை வருவது உண்டு. நல்ல ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது. வியர்வையும் வாசனைத் திரவியமும் அடித்த இடம் கறுக்கும். அக்குளிலும் இடுப்பிலும் மட்டும் கறுத்திருந்தால் அது உபயோகத்தால் வந்தது. அதை வாடிக்கையாளருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். நான் பியூர் ஜரிகை என்று விற்றது ஜரிகைப் பரிசோதனையில் அப்படி இல்லை என்று தெரிந்தால், பத்து வருடம் கழித்து வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஆக, வாரண்டி முடிந்த பொருள் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இது செய்ததில் வந்ததா, உபயோகித்ததில் வந்ததா? தேதி அதற்கு அடுத்த கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. நாம் வாங்குபவராகவும் விற்பவராகவும் இருப்பதால் இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்குபவராக: வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று தோன்றினால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே பழுதான பொருளை வெளியே கொடுத்துப் பிரித்துவிட்டால் சாட்சியை நாமே அழித்தது போலாகும்.

ஆனால் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு முடிச்சு இங்கே இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோர் என்று ஏற்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல. அது சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது தீர்ப்பு. தனி ஆளாகக் கடை நடத்தும் சிறு வியாபாரிக்கும் பத்துப் பேரை வைத்து நடத்தும் மொத்த வியாபாரிக்கும் இதில் வித்தியாசம் வரும்.

ஆணையத்தின் கதவு மூடினாலும் வழி மூடவில்லை. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு வியாபாரிக்கும் பொருந்தும். இன்ன வேலைக்கு வேண்டும் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவர் திறமையை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. ஆகவே பெரிய தொகைக்கு வாங்கும்போது உபயோகத்தை ஆர்டரில் எழுதிக் கொடுங்கள். ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அந்த நிபந்தனையை விலக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. பில்லின் பின்புறம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விற்பவராக: பில் தராமல் விற்பது முறையற்ற வணிகம். பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. தக்க சோதனை இல்லாமல், இத்தனை வருடம் உழைக்கும் என்று உத்தரவாதம் தருவதும் அதில் சேரும். கம்பெனி ஒரு வருடம் என்று எழுதியிருக்க, "ரெண்டு வருஷத்துக்கு நான் கியாரண்டி" என்று வாய்ப்பேச்சில் சொல்லிவிட்டால் அந்த இரண்டாவது வருடத்துக்குக் கம்பெனி வராது; நாம்தான் நிற்க வேண்டும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. பில், வாரண்டி அட்டை, வரிசை எண் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும் தாளாக இருந்தால் வாங்கிய அன்றே நகல் எடுங்கள்.

2. பதினோராவது மாதத்தில் தேதி குறித்துப் பொருளை முழுதாகச் சோதியுங்கள். நான் ஆயுத பூசைக்குத் தராசையும் அளவுகோலையும் துடைத்து வைக்கும்போதே வாரண்டி அட்டைகளையும் எடுத்துப் பார்த்துவிடுகிறேன். வருடம் ஒரு முறை தவறாது.

3. சிறு தடங்கல் வந்தாலும் வாரண்டிக்குள் புகார் கொடுத்து ஜாப் ஷீட் வாங்குங்கள். அதே பழுது பின்னால் பெரிதானால் அந்தத் தாளே உங்கள் ஆதாரம். வாயால் சொன்னது கணக்கில் வராது.

4. வாரண்டி முடிந்து பழுதானால் முதலில் மூன்று கேள்வி: என்ன பாகம் போனது, ஏன் போனது, இந்த மாடலுக்கு இலவசப் பழுதுநீக்க அறிவிப்பு ஏதும் உண்டா? பதிலை எழுத்தில் கேளுங்கள்.

5. கவுண்டரில் இருக்கும் பிள்ளையோடு சண்டை போட்டுப் பயனில்லை. அவருக்குச் சலுகை தரும் அதிகாரம் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு மரியாதையாக, விவரமாக எழுதுங்கள். குறைவாகப் பயன்படுத்தியதற்குச் சான்று இருந்தால் சேருங்கள். முழுச் செலவும் கேளுங்கள். பாதி ஏற்றாலும் லாபம்.

6. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். வழக்குக்கு முன் பேசித் தீர்க்க அது ஒரு வழி. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்க உரிமை இணையதளத்திலும் பல கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்கள் கிடைக்கின்றன.

7. நீட்டிப்பு வாரண்டி வாங்கும்போது தருவது கம்பெனியா, வேறு நிறுவனமா, எந்தப் பாகம் அடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் நான் வாங்குவதில்லை. அந்தப் பணத்தைத் தனியே ஒதுக்கி வைக்கிறேன்.

8. எந்த ஒரு கருவியையும் நம்பித் தொழிலை நிறுத்தி வைக்காதீர்கள். தீபாவளி நேரத்தில் என்னிடம் மாற்றுக் கேமரா இருந்திருந்தால் தறி காத்திருந்திருக்காது.

9. உங்கள் கடைக்குப் பழுதான பொருள் வந்தால் பில் தேதியைப் பார்க்கும் முன் பொருளைப் பாருங்கள். செய்பழுதாக இருந்தால் வாடிக்கையாளருக்காக நீங்களே கம்பெனிக்கு எழுதுங்கள். தனி ஆள் எழுதும் கடிதத்தைவிட, மாதம் நூறு பொருள் எடுக்கும் கடைக்காரர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

இன்று புடவையைப் படம் பிடிக்க யாரும் கேமரா வாங்குவதில்லை; கைப்பேசியே போதும். ஆனால் பில் போடும் மெஷின், எலெக்ட்ரானிக் தராசு, கண்காணிப்புக் கேமரா, இன்வெர்ட்டர் என்று கடைக்குள் வாரண்டி அட்டைகள் கூடிக்கொண்டே போகின்றன. மேலே சொன்னவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

திருவள்ளுவர் வணிகருக்கான சொல்லை நடுவுநிலைமை என்ற அதிகாரத்தில் வைத்தார். அதன் காரணம் எனக்கு அந்தச் செப்டம்பர் மாதம்தான் விளங்கியது. வாங்கும்போது ஒரு நியாயமும் விற்கும்போது ஒரு நியாயமும் பேசுவது நமக்கு எளிது. அந்தச் சேலத்துக் கடைக்காரர் இன்றும் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார். இப்போது அவருடைய மகனும் எடுக்கிறார். அன்று அனுப்பிய ஒரு புடவையின் விலையை நான் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை.